போகப்போகிறவர் கதிரையில் இருக்கும் காலம்

ஆங்கிலச் செய்திகளில் 'லேம் டக்' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறது. தொலைக்காட்சி விவாதங்களிலும் சிலர் அதை அப்படியே சொல்லிவிட்டுப் போகிறார்கள். தமிழில் சொல்லுக்குச் சொல் போட்டால் 'நொண்டி வாத்து'. தேர்தலில் தோற்றுவிட்ட, அல்லது இனிமேல் போட்டியிட முடியாத, ஆனால் பதவிக்காலம் முடியும்வரை கதிரையில் இருக்கின்ற தலைவரை அப்படிச் சொல்கிறார்கள். உடற்குறையைக் கேலி செய்யும் சொல் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தச் சொல் காட்டுகின்ற நிலைமை மலையகத்துக்கு வேறு யாரையும் விட அதிகமாகத் தெரியும். அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறோம்.

தோட்டத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. துரைக்கு மாற்றம் வந்துவிட்டது என்ற செய்தி பிரட்டுக்களத்துக்கு வந்த நாளிலிருந்து என்ன நடக்கும்? லயத்துக் கூரைத் தகரம் ஒழுகுகிறது என்று போனால், "புதுத் துரை வந்த பிறகு பார்ப்போம்" என்பார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தது என்றாலும் அதே பதில்தான். ஆனால் அதே கடைசி மாதத்தில் மரம் வெட்டுவதற்கும், ஒருவருக்குச் சாதகமாகக் கையெழுத்து வைப்பதற்கும் தடை இருப்பதில்லை. நமக்கு வேண்டியதைச் செய்ய அதிகாரம் இல்லை என்பார்கள். தங்களுக்கு வேண்டியதைச் செய்ய அதிகாரம் இருக்கும். போகப்போகிறவரின் காலத்துக்கு இந்த இரண்டு முகங்களும் எப்போதும் உண்டு.

சொல் வந்த வழி

இந்தச் சொல் அரசியலில் பிறந்ததல்ல. 18 ஆம் நூற்றாண்டில் இலண்டன் பங்குச் சந்தையில், வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போன தரகரை இப்படி அழைத்தார்கள். 1761 இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய கடிதம் ஒன்றிலேயே இந்தச் சொல் இருக்கிறது. சந்தையில் நிற்கிறான், ஆனால் அவன் வாக்குக்கு மதிப்பில்லை என்பதுதான் பொருள். 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர்கள் இதை அரசியல்வாதிகளுக்குப் பொருத்தினார்கள். பொருத்தம் சரியாகவே இருந்தது. போகப்போகிறவர் கொடுக்கும் வாக்குறுதியும் கடன்காரன் கொடுக்கும் சீட்டு மாதிரித்தான்.

அமெரிக்காவில் இந்தக் காலம் நீளமாக இருந்தது. நவம்பரில் தேர்தல் நடக்கும். புதிய ஜனாதிபதி மார்ச் 4 ஆம் திகதிதான் பதவியேற்பார். குதிரை வண்டியில் பயணம் செய்த காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். ஆனால் 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் வென்ற பிறகு என்ன நடந்தது என்று பாருங்கள். அவர் பதவியேற்பதற்குள் ஏழு தென் மாநிலங்கள், அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காக, நாட்டை விட்டுப் பிரிவதாக அறிவித்துவிட்டன. கதிரையில் இருந்த ஜேம்ஸ் புக்கானன், பிரிந்து போவது சட்டவிரோதம், ஆனால் அதைத் தடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்ற நிலையில் இருந்தார். அதன் பின் வந்த உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் இறந்தார்கள்.

மறுபக்கமும் அங்கே உண்டு. 1801 இல் தோற்றுப்போன ஜனாதிபதி ஜோன் அடம்ஸ், போவதற்கு முந்திய நாட்களில் தன் கட்சிக்காரர்களை அவசர அவசரமாக நீதிபதிகளாக நியமித்தார். 'நள்ளிரவு நீதிபதிகள்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. 1932-33 பொருளாதார வீழ்ச்சியின் போது பழைய ஜனாதிபதிக்கும் புதிய ஜனாதிபதிக்கும் இடைப்பட்ட மாதங்களில் வங்கிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசியில் 1933 இல் அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தம் நிறைவேறியது. பதவியேற்பு மார்ச் 4 இலிருந்து ஜனவரி 20 க்கு முன்னே கொண்டுவரப்பட்டது. அந்தத் திருத்தத்தையே மக்கள் அந்த வாத்தின் பெயரால்தான் அழைத்தார்கள்.

அவர்கள் நான்கு மாதத்தை அதிகம் என்று நினைத்து அரசியலமைப்பையே மாற்றினார்கள். நாங்கள் எத்தனை வருடம் காத்திருந்தோம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

ஏழு பேரும் இல்லாமல் ஆக்கப்பட்ட வாக்காளரும்

1947 பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அளுத்நுவரவில் டி. இராமானுஜம். இந்தப் பெயர்களை நம் பிள்ளைகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பாடப் புத்தகம் சொல்லிக் கொடுக்கும் என்று காத்திருக்கக் கூடாது.

அவர்கள் பாராளுமன்றத்துக்குப் போய் ஒரு வருடம் முடிவதற்குள் 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்தில் பிறந்தவர்களிடம், அப்பன் எங்கே பிறந்தான், பாட்டன் எங்கே பிறந்தான், அத்தாட்சி எங்கே என்று கேட்டது. லயத்தில் பிறந்த பாட்டனுக்கு யார் அத்தாட்சிப் பத்திரம் எழுதி வைத்தார்கள்? 1949 இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. அதே வருடம் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜைகளுக்கு மட்டுமே வாக்கு என்றார்கள். நம்மவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டன.

ஏழு பேரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் தேர்தலில் தோற்கவில்லை. அவர்களின் பதவிக்காலமும் முடியவில்லை. ஆனால் அவர்களைத் தெரிவு செய்தவர்கள் வாக்காளர்களாக இல்லை. பேசலாம், எதிர்த்து வாக்களிக்கலாம், இரண்டையும் செய்தார்கள். ஆனால் அவர்களுக்கு எதிரில் இருந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும்: அடுத்த தேர்தலில் இவர்களைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை. அரசியலில் ஒருவர் பேச்சுக்கு இருக்கும் கனம் அவருக்குப் பின்னால் இருக்கும் வாக்கின் கனம்தான். அது போன பிறகு சபையில் மிஞ்சுவது குரல் மட்டும்.

சாதாரணமாக வாக்காளர் இருப்பார்கள், உறுப்பினர் போவார். மலையகத்தில் உறுப்பினர் இருந்தார்கள், வாக்காளரை வெளியேற்றினார்கள். உலகத்தில் வேறெங்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

1952 ஏப்ரலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அந்த வருடத் தேர்தலில் ஒருவரும் தெரிவாகவில்லை. அடுத்த 25 வருடம் தோட்ட மக்கள் தங்கள் வாக்கால் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பவில்லை. இடையில் நியமன உறுப்பினர்கள் இருந்தார்கள். 1960 இலும் 1965 இலும் தொண்டமானும், 1970 இல் ஏ. அஸீஸும் அப்படி நியமிக்கப்பட்டார்கள். அவர்கள் சிலவற்றைச் செய்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் நியமித்தவர் முகத்தைப் பார்த்துத்தான் நியமன உறுப்பினர் பேச வேண்டும். 1977 இல் நுவரெலியா-மஸ்கெலியா பல அங்கத்தவர் தொகுதியில் தொண்டமான் மூன்றாவது உறுப்பினராக வென்றபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது.

அந்த 25 வருடத்துக்குள்தான் 1964 இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல் ஏறின. 1973-74 பஞ்சம் வந்தது. தோட்டங்கள் அரசுடைமையாயின. இவை எதிலும் நம் வாக்கால் போன ஒருவர் சபையில் எழுந்து நின்று பேசவில்லை. வெற்றுக் கதிரைக்கு விலை என்ன என்று யாராவது கேட்டால் இந்தப் பட்டியலைக் காட்டலாம்.

முடிந்த காலத்தை நீட்டுவது

போகவேண்டியவர் போகாமல் இருப்பது இன்னொரு வகை. 1970 இல் ஐந்து வருடத்துக்குத் தெரிவான பாராளுமன்றம், 1972 அரசியலமைப்பைக் காரணம் காட்டி 1977 வரை இருந்தது. 1977 இல் தெரிவான பாராளுமன்றமோ, 1982 டிசம்பர் 22 இல் நடந்த மக்கள் தீர்ப்பைக் கொண்டு இன்னும் ஆறு வருடத்துக்குத் தன்னை நீட்டிக்கொண்டது. 1977 இல் வாக்களித்தவர் அடுத்த பொதுத் தேர்தலை 1989 பெப்ரவரியில்தான் கண்டார். இடையில் 1983 ஜூலை வந்து போனது. ஒரு கட்சி செய்தது, மற்றக் கட்சி செய்யவில்லை என்று இங்கே சொல்ல முடியாது. இரண்டு பெரிய கட்சிகளும் செய்தன.

ஆகவே எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ஒரு கேள்வியை நாம் விடாமல் கேட்க வேண்டும்: உங்கள் காலம் எப்போது முடிகிறது, அன்றே போவீர்களா?

நம் வீட்டு வாசலில் நடந்தது

இனி அண்மைக்கு வருவோம். 2018 பெப்ரவரி 10 இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு முன் நுவரெலியா மாவட்டத்தில் பிரதேச சபைகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டது. பெரிய சபைகளைப் பிரித்து அக்கரப்பத்தனை, கொட்டகலை, மஸ்கெலியா, நோர்வூட் என்று புதிய சபைகள் வந்தன. உறுப்பினர்களில் 25 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டமும் முதன்முறையாக அந்தத் தேர்தலில் செயற்பட்டது. கொழுந்துப் பறித்த கையோடு சபைக்குப் போன சகோதரிகளை நாம் பார்த்தோம்.

அதே 2018 இல் இன்னொன்றும் நடந்தது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் அதுவரை தோட்டத்தைத் தனியார் இடமாகவே பார்த்தது. நம் வாக்கில் சபைக்குப் போனவர், நம் லயத்துப் பாதைக்குச் சபைப் பணத்தைச் செலவு செய்யச் சட்டம் குறுக்கே நின்றது. அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடம் கழித்து, பிரதேச சபை தோட்டத்துக்குள் வரலாம் என்று ஆனது.

வழி திறந்த பிறகு எவ்வளவு காலம் கிடைத்தது? 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. 2020 இல் கொரோனா. 2022 இல் பொருளாதார நெருக்கடி. 2022 மார்ச்சில் முடியவேண்டிய சபைகளின் காலம் ஒரு வருடம் நீட்டப்பட்டது. அந்த நீட்டிப்பு வருடத்தில் டீசல் இல்லை, சீமெந்து விலை ஏறியது, சபைகளில் பணம் இல்லை. பெயருக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள்.

2023 மார்ச் 9 இல் தேர்தல் என்று அறிவித்தார்கள். வேட்புமனு கொடுத்தோம், கட்டுப்பணம் கட்டினோம். பிறகு திறைசேரி பணம் கொடுக்கவில்லை என்று தேர்தல் நிறுத்தப்பட்டது. வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தைத் தடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 3 இல் இடைக்கால உத்தரவு கொடுத்தும் தேர்தல் நடக்கவில்லை. மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்தது. மறுநாளிலிருந்து செயலாளர்களும் ஆணையாளர்களும் சபைகளை நடத்தினார்கள்.

2024 ஆகஸ்ட் 22 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தலை நடத்தாததால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது, அதற்கு அன்று நிதி அமைச்சராகவும் இருந்த ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் பொறுப்பு, தேர்தலை விரைவில் நடத்துங்கள் என்றது. அதற்குப் பிறகு 2023 வேட்புமனுக்கள் இரத்தாகி, புதிதாக மனுக் கேட்டு, 2025 மே 6 இல்தான் தேர்தல் நடந்தது.

இரண்டு வருடத்துக்கு மேல் இறம்பொடையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தெரு விளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் போவது? செயலாளர் கெட்டவர் என்று நாம் சொல்லவில்லை. அவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆனால் அரச உத்தியோகத்தருக்கு மேலதிகாரியின் சுற்றறிக்கைதான் வேதம். அவர் நம் கோயில் திருவிழாவுக்கு வரமாட்டார், சாவு வீட்டுக்கு வரமாட்டார், அடுத்த முறை வாக்குக் கேட்டு லயத்து வாசலில் நிற்கவும் மாட்டார். அந்த வாசலில் நிற்கவேண்டிய பயம்தான் ஒரு உறுப்பினரைத் தெரு விளக்கைப் பற்றி யோசிக்க வைக்கிறது.

அப்படிப் பார்த்தால் இது போகப்போகிறவரின் காலத்தை விட மோசம். போகப்போகிறவருக்கு ஒரு முகமாவது உண்டு, திட்டவாவது ஆள் உண்டு. இங்கே ஆளே இல்லை.

இன்னும் காலியாக இருக்கும் கதிரை

பிரதேச சபை திரும்பி வந்துவிட்டது. மாகாண சபை வரவில்லை. மத்திய மாகாண சபைக்குக் கடைசித் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21 இல். அதன் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. அன்றிலிருந்து ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கையில் மாகாணம் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். 2013 இல் வாக்களிக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். 1996 இலும் அதற்குப் பிறகும் பிறந்த எந்தப் பிள்ளையும் மத்திய மாகாணத்தில் மாகாண சபைக்கு வாக்களித்ததில்லை. இன்று அவர்களில் பலர் பிள்ளை குட்டிக்காரர்கள். மாகாண சபை என்றால் என்ன என்று அவர்களிடம் கேட்டால், கண்டியில் இருக்கும் ஒரு கட்டடம் என்பார்கள்.

ஆனால் நம் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். ஆசிரியர் இடமாற்றம், கட்டடம், மலசலகூடம், கணித விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம், எல்லாம் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கையில். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்குப் பொறுப்பான மாகாண அமைச்சர் ஒருவர் இருந்த காலம் உண்டு. அந்த அமைச்சர்கள் எல்லாரும் ஒழுங்காக வேலை செய்தார்கள் என்று நாம் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால், பெற்றோர் திரண்டு போய் நிற்க ஒரு கதவு இருந்தது. இன்று கடிதம் எழுதுகிறோம். கடிதம் கிடைத்தது என்று பதில் வருகிறது. பிள்ளை அதற்குள் சாதாரண தரப் பரீட்சை எழுதி, கணிதத்தில் தவறி, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடுகிறது.

கடைசி நேர வாக்குறுதியும் சம்பளமும்

சம்பள விடயத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2024 ஏப்ரல் 30 இல் வர்த்தமானி வந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவும் விசேட கொடுப்பனவு 350 ரூபாவும் சேர்த்து நாளுக்கு 1,700 ரூபா. மறுநாள் கொட்டகலை மே தின மேடையில் ஜனாதிபதி அதை அறிவித்தார். அந்த வருடக் கடைசிக்குள் ஜனாதிபதித் தேர்தல் என்பது எல்லாருக்கும் தெரியும். கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. கடைசியில் சம்பள நிர்ணய சபை மூலம் செப்டெம்பரில் வந்தது 1,350 ரூபா. மிச்சம் 350, கூடுதலாகப் பறித்தால் என்று ஆனது. அந்த மாதம் 21 ஆம் திகதி தேர்தல் நடந்தது, ஜனாதிபதி மாறினார்.

இதோடு 2021 ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றும் சம்பள நிர்ணய சபை மூலம் 1,000 ரூபா வர்த்தமானி வந்தது, அன்றும் கம்பனிகள் வழக்குப் போட்டன. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை, 1,000 ரூபா நின்றது. இரண்டுக்கும் சட்ட நடைமுறையில் வித்தியாசம் உண்டு. காலம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் 2021 இல் அரசாங்கத்துக்கு முன்னால் இன்னும் வருடங்கள் இருந்தன. 2024 இல் மாதங்கள்தான் இருந்தன. எதிரில் இருப்பவர் மாதக்கணக்கில் போகப்போகிறார் என்றால், முதலாளி தரப்பு பேச்சுவார்த்தையில் அவசரப்படத் தேவையில்லை. காத்திருந்தாலே போதும்.

இதிலிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். புதிய அரசாங்கம் வந்த முதல் வருடமே கோரிக்கைக்கு நல்ல வருடம். தேர்தல் வருடத்தில் வரும் அறிவிப்பைக் கேட்டுக் கைதட்டலாம், ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

அப்படியானால் போகப்போகிறவர் ஒன்றும் செய்யக் கூடாதா?

சிலர் இப்படிக் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மழை பெய்து மண் சரிந்தால், பதவிக்காலம் முடியப்போகிறது என்று ஒரு தலைவர் வீட்டில் உட்கார முடியாது. மருந்து வாங்க வேண்டும், சம்பளம் போட வேண்டும், பாதையைத் திறக்க வேண்டும். 2020 மார்ச் 2 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டு, கொரோனாவால் தேர்தல் ஆகஸ்ட் 5 வரை தள்ளிப்போனபோது, ஐந்து மாதம் பாராளுமன்றம் இல்லாமலே நாடு நடந்தது. அந்தக் காலத்தில் நிவாரணம் கொடுக்கவேண்டியிருந்தது, அதைக் கொடுத்ததில் தவறில்லை. பணம் எப்படிச் செலவானது என்று கேட்கச் சபை இல்லை என்பதுதான் குறை.

தமிழில் இதற்கு 'காபந்து அரசாங்கம்' என்று ஒரு சொல் பழக்கத்தில் இருக்கிறது. காபந்து என்றால் பாதுகாத்து வைத்திருப்பது. ஆங்கிலச் சொல்லை விட இது நல்ல சொல். அந்த வாத்துச் சொல் ஆளின் பலவீனத்தைச் சொல்கிறது. காபந்து என்ற சொல் அவர் செய்யவேண்டிய கடமையைச் சொல்கிறது. உங்களிடம் இருப்பது உங்களுடையதல்ல, அடுத்தவர் வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள், அன்றாட வேலையை நிறுத்தாதீர்கள், பெரிய முடிவை எடுக்காதீர்கள். காணி கொடுப்பது, நீண்ட கால ஒப்பந்தம் போடுவது, ஆள் நியமிப்பது எல்லாம் புதிதாக வருகிறவர்களின் வேலை. 'காற்றுள்ள போதே தூற்றிக்கொள்' என்ற பழமொழியைப் போகப்போகிறவர்கள் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, திகதியைத் தெரிந்து வைத்திருப்பது. இப்போதைய பிரதேச சபைகளின் காலம் 2025 ஜூன் 2 இல் தொடங்கியது. நான்கு வருடம் என்றால் 2029 நடுப்பகுதி. அமைச்சர் ஒரு வருடம் வரை நீட்டலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே 2028 முடியும்போதே நாம் கேட்கத் தொடங்க வேண்டும். காலம் முடிந்த பிறகு கூச்சல் போட்டால் என்ன நடக்கும் என்பதை 2023 காட்டிவிட்டது.

இரண்டாவது, வாய் வார்த்தையை எழுத்தாக்குவது. உங்கள் தோட்டப் பாதைக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறோம் என்று உறுப்பினர் சொன்னால், சபைத் தீர்மானம் எந்தத் திகதியில், எந்த இலக்கத்தில் என்று கேளுங்கள். ஆள் மாறினாலும் தீர்மானம் சபைப் புத்தகத்தில் இருக்கும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதினால், 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க எங்கள் ஆசிரியர்களும் சங்கக் காரியாலயமும் இருக்கின்றன.

மூன்றாவது, வாக்காளர் இடாப்பு. கிராம சேவகர் படிவம் கொண்டுவரும்போது கொழும்பில் வேலை செய்யும் பிள்ளையின் பெயரையும் விடாமல் பாருங்கள். நம் பெயரை இடாப்பிலிருந்து வெட்டியதை மீட்க எத்தனை வருடம் போனது என்பது நமக்குத் தெரியும். அசட்டையால் நாமே வெட்டிக்கொள்ளக் கூடாது.

நான்காவது, மாகாண சபைத் தேர்தல். இதை வட கிழக்கின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாடசாலையும் வைத்தியசாலையும் மாகாணத்திடம் இருக்கும்வரை அது நம் பிரச்சினை. எல்லாத் தொழிற்சங்கங்களும் கொடி நிறத்தை மறந்து ஒரே கோரிக்கையாக இதை வைக்க வேண்டும்.

ஐந்தாவது நம் சங்கத்துக்கு உள்ளேயே. நாட்டுக்குச் சொல்வதைத் தோட்டக் கமிட்டிக்கும் சொல்ல வேண்டும் அல்லவா? கமிட்டி தெரிவாகும் கூட்டத்திலேயே அடுத்த தெரிவு எந்த மாதம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதுவோம். தலைவர், செயலாளர், பொருளாளர், மாதர் தலைவி, நால்வரும் கையெழுத்து வைப்போம். கடைசி மாதத்தில் சந்தாப் பணத்தில் புதிய செலவு எதற்கும் தீர்மானம் எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வோம். போகிறவர் வருகிறவரிடம் கணக்குப் புத்தகத்தையும், ஊழியர் சேமலாப நிதி வழக்குக் கோவைகளையும், தொழில் திணைக்களக் கடிதங்களையும் ஆட்களுக்கு முன்னால் எண்ணிக் கொடுக்க வேண்டும். தலைவர் மாறியபோது கோவை காணாமல் போய், வயதான ஒரு தொழிலாளியின் சேமலாப நிதி வருடக்கணக்கில் இழுபட்ட கதைகள் ஒவ்வொரு மலையிலும் உண்டு. அந்தக் கதைகளை முடிக்க நான்கு கையெழுத்தும் ஒரு குறிப்புப் புத்தகமும் போதும்.

வருகிற மாதம் தோட்டக் கமிட்டிக் கூட்டங்கள் நடக்கும்போது இந்த ஐந்தையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி தோட்டத் தலைவர்களையும் மாதர் தலைவிகளையும் கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கமிட்டியின் காலம் எப்போது முடிகிறது என்று முதலில் எழுதுங்கள். பிறகு பிரதேச சபையின் திகதியை எழுதுங்கள். மாகாண சபைக்கு எதிரே இடத்தைக் காலியாக விடுங்கள். அந்த இடத்தை நிரப்பும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் அதைப் படித்துக் காட்டுங்கள்.